லேப்டாப்பை சிபியுவுக்கு மானிட்டரா போட்டா படம் வரலையா? என்ன தெரியுதுன்னு பாத்து சரி பண்ற வழி

மானிட்டர் செத்துப்போச்சு, பழைய லேப்டாப் ஒண்ணு சும்மாதான் கிடக்கு, அதையே சிபியுவுக்கு மானிட்டரா போட்டுக்கலாம்னு கிளம்புறவங்க நிறைய பேர். பண்ணலாம், முடியும். ஆனா இதுக்கு நாலஞ்சு வழி இருக்கு, ஒவ்வொண்ணும் ஒவ்வொரு நிலைமைக்குத்தான் ஒத்து வரும், அதைப் பாக்காம ஏதோ ஒண்ணைப் பிடிச்சுட்டு ராத்திரி முழுக்க உக்காந்திருக்கறதுதான் வழக்கமா நடக்குது.

அதனால முதல்ல இதுக்குப் பதில் தெரிஞ்சுக்கங்க: சிபியு ஆன் பண்ணா விண்டோஸ் உள்ள வரைக்கும் ஒழுங்கா போகுதா? வைஃபை வழியா படம் அனுப்புற மிராகாஸ்ட், நெட்வொர்க் வழியா லேப்டாப்பை ஸ்கிரீனா மாத்துற ஸ்பேஸ்டெஸ்க்ங்கற சாஃப்ட்வேர், லேப்டாப்ல இருந்தே சிபியுக்குள்ள போய் ஓட்டற ரிமோட் டெஸ்க்டாப் எல்லாமே அந்தப் பக்கம் விண்டோஸ் ஓடிட்டு இருந்தாதான் வேலை செய்யும். பயாஸ் (விண்டோஸுக்கு முன்னாடி வர்ற செட்டிங் ஸ்கிரீன்) பாக்கணும், ஓஎஸ் புதுசா போடணும், பூட் ஏன் ஆகலன்னு கண்டுபிடிக்கணும்னா இதுங்கள்ல ஒண்ணும் உதவாது, யூஎஸ்பி கேப்சர் கார்டு ஒண்ணுதான் வழி, அதாவது சிபியுல இருந்து வர்ற எச்டிஎம்ஐ படத்தை வாங்கி யூஎஸ்பி வழியா லேப்டாப்புக்குக் குடுக்கற சின்ன டப்பா.

வீட்ல எச்டிஎம்ஐ இருக்கற டிவி இருந்தா எல்லாத்துக்கும் முன்னாடி சிபியுவைத் தூக்கிட்டுப் போய் அதுல மாட்டிப் பாருங்க. சிபியு நல்லா இருக்கா இல்லையான்னு உடனே தெரிஞ்சுடும், கீழ சொல்ற செட்டிங்ஸ் எல்லாத்தையும் டிவிலயே பாத்து பண்ணிட்டு அப்புறம் லேப்டாப்புக்கு வரலாம். டிவி இல்லன்னா பக்கத்து வீட்டு மானிட்டரை ஒரு மணி நேரம் கடன் கேளுங்க, கண்ணை மூடிட்டு செட்டிங்ஸ் மாத்த முடியாது.

## எச்டிஎம்ஐ கேபிளை ரெண்டு பக்கமும் சொருகியாச்சு, லேப்டாப்ல எதுவுமே மாறல

மாறாது. கேபிள் நல்லாத்தான் இருக்கும், திருப்பிக் குடுக்கப் போகாதீங்க. லேப்டாப்ல இருக்கற எச்டிஎம்ஐ போர்ட் படத்தை வெளிய அனுப்ப மட்டும்தான், உள்ள வாங்கறதுக்கு இல்ல. சிபியுல இருக்கறதும் அதேதான். ரெண்டு பக்கமும் வாய்தான் இருக்கு, காது எந்தப் பக்கமும் இல்ல. எஃப்என் கீயோட எஃப்8 அழுத்துறது, டிரைவர் அப்டேட் பண்றது, பயாஸ்ல தேடுறது எதுவும் இதை மாத்தாது, ஏன்னா உள்ள வாங்கறதுக்கான சர்க்யூட்டே போர்டுல கிடையாது.

விதிவிலக்கு ரொம்பக் கம்மி. பழைய ஏலியன்வேர் எம்17எக்ஸ், எம்18எக்ஸ் மாதிரி கேமிங் லேப்டாப் சிலதுல எச்டிஎம்ஐ இன்புட் தனியா குடுத்திருந்தாங்க, அப்படி இருந்தா போர்ட் பக்கத்துலயே 'இன்'னு போட்டிருக்கும். ஆப்பிள்ல 2009 கடைசில இருந்து 2014 நடு வரைக்கும் வந்த ஐமேக் சிலதை டார்கெட் டிஸ்ப்ளே மோட்ல மானிட்டரா மாத்தலாம், ஆனா அது ஐமேக்குக்கு மட்டும், மேக்புக்ல எப்பவுமே இருந்ததில்ல.

டைப்-சி டு டைப்-சி கேபிள் போட்டா வருமா? வராது, அதே கதைதான். விஜிஏவும் அப்படித்தான். ரெண்டு பக்கமும் பெரிய யூஎஸ்பி முனை இருக்கற கேபிளை ரெண்டு மெஷினுக்கும் நடுவுல சொருகவே சொருகாதீங்க, ரெண்டு பக்கமும் 5 வோல்ட் வர்ற போர்ட், ஒண்ணோட ஒண்ணு முட்டி போர்ட் போயிட்டா அது வேற செலவு.

இங்க இருந்து வழி பிரியுது. சிபியுல விண்டோஸ் ஓடுது, சிபியுல வைஃபையும் இருக்குன்னா காசு செலவில்லாம மிராகாஸ்ட், அதுக்கு 'விண்டோஸ் கீ + கே' தலைப்புக்குப் போங்க. வைஃபை இல்ல, லேன் கேபிள்தான்னா ஸ்பேஸ்டெஸ்க். விண்டோஸே வரலைன்னா கேப்சர் கார்டு, அது அடுத்தது. கேம் ஆடணும்னா ரிமோட் டெஸ்க்டாப் தலைப்போட கடைசியைப் பாருங்க.

## கேப்சர் கார்டு போட்டாச்சு, ஆனா என் மூஞ்சிதான் தெரியுது

சிரிக்காதீங்க, ரொம்ப பேருக்கு முதல்ல இதுதான் வரும். கேப்சர் கார்டை லேப்டாப் ஒரு வெப்கேமாத்தான் பாக்கும், அதனால கேமரா ஆப்பைத் திறந்தா லேப்டாப்போட சொந்த கேமரா முதல்ல வந்து நிக்கும். ஆப்ல கேமரா மாத்துற பட்டனை அழுத்துங்க. விஎல்சின்னா மீடியா மெனுல ஓபன் கேப்சர் டிவைஸ் போய், வீடியோ டிவைஸ் நேம்ல 'யூஎஸ்பி வீடியோ'ன்னு இருக்கறதை எடுங்க. ஓபிஎஸ்னா (வீடியோ ரெக்கார்ட் பண்ற இலவச சாஃப்ட்வேர்) சோர்ஸ்ல பிளஸ் அழுத்தி வீடியோ கேப்சர் டிவைஸ், அதுல அதே பேர். முழு ஸ்கிரீன் வேணும்னா ஓபிஎஸ் பிரிவியூ மேல ரைட் கிளிக் பண்ணா ஃபுல்ஸ்கிரீன் புரொஜெக்டர்னு இருக்கும், தினமும் வச்சு ஓட்டறவங்களுக்கு அதான் சரிப்படும்.

## கேப்சர் கார்டு பேர் வருது, படம் மட்டும் கருப்பா இருக்கு

இதுதான் அதிகமா வர்ற கேஸ், அதனால கொஞ்சம் நிதானமா போகலாம். செலவில்லாததுல இருந்து ஆரம்பிங்க.

முதல்ல லேப்டாப் பக்கம். வேற ஏதாவது ஆப் அந்தக் கார்டைப் பிடிச்சு வச்சிருக்கா பாருங்க, ஓபிஎஸ் திறந்திருக்கறப்போ விஎல்சிலயும் கேட்டா ஒண்ணு கருப்பாத்தான் நிக்கும். அப்புறம் செட்டிங்ஸ்ல பிரைவசி, அதுல கேமரா, ஆப்ஸுக்கு அனுமதி ஆன்ல இருக்கணும், கீழ டெஸ்க்டாப் ஆப்ஸுக்குத் தனியா ஒரு சுவிட்ச் இருக்கும், அதையும் பாருங்க. அது ஆஃப்ல இருந்தா எந்த எர்ரரும் சொல்லாது, கம்முனு கருப்பைக் காட்டும்.

அடுத்து கார்டு. சில மாடல்ல ரெண்டு எச்டிஎம்ஐ ஓட்டை இருக்கும், ஒண்ணு இன், இன்னொண்ணு டிவிக்குப் போற லூப் அவுட். அவுட்ல சொருகிட்டு இன்னைக்கு முழுக்க உக்காந்தாலும் வராது.

அடுத்து சிபியு பக்கம், இங்கதான் நிறைய பேர் விழறாங்க. பின்னாடி எச்டிஎம்ஐ ரெண்டு இடத்துல இருக்கும், மேல யூஎஸ்பி ஓட்டைங்களுக்குப் பக்கத்துல நிமிர்ந்து இருக்கறது மதர்போர்டோடது, கீழ படுக்கையா இருக்கறது கிராஃபிக்ஸ் கார்டோடது. கிராஃபிக்ஸ் கார்டு போட்டிருந்தா கேபிள் கீழதான் போகணும். இன்டெல் பிராசஸர் பேர் கடைசில 'எஃப்' இருந்தா, உதாரணமா ஐ5 12400எஃப், அதுல உள்ள கிராஃபிக்ஸே கிடையாது, மதர்போர்டு எச்டிஎம்ஐ சும்மா அலங்காரத்துக்கு. ரைசன் 5 5600ம் அப்படித்தான், 5600ஜின்னா இருக்கு.

பழைய சிபியுல விஜிஏ மட்டும்தான் இருக்குன்னு கன்வெர்ட்டர் போட்டிருந்தா அதோட திசையைப் பாருங்க. கடைல அதிகமா தொங்குறது எச்டிஎம்ஐல இருந்து விஜிஏவுக்குப் போறது, உங்களுக்கு வேணுங்கறது விஜிஏல இருந்து எச்டிஎம்ஐக்கு வர்றது, பாக்க ரெண்டும் ஒண்ணு மாதிரியே இருக்கும், திருப்பிப் போட்டா வேலை செய்யாது. சரியான ஆளுக்கு விஜிஏ முனை ஆண் முனையா இருக்கும், பவருக்குன்னு ஒரு குட்டி யூஎஸ்பி வயரும் வரும், அந்த வயரையும் சொருகணும். டிவிஐ இருந்தா தொல்லை கம்மி, சாதாரண டிவிஐ-எச்டிஎம்ஐ கேபிளே போதும்.

சிபியுல விண்டோஸ் ஏற்கனவே ஓடிட்டு இருந்து, நடுவுல கேபிளை மாத்தினீங்கன்னா, சிபியுவோட கீபோர்டுல விண்டோஸ் கீயும் பி-யும் அழுத்தி ரெண்டு மூணு செகண்ட் விட்டு, கீழ்நோக்கு அம்புக்குறி ஒரு தடவை, என்டர். பழைய மானிட்டர் செட்டிங்லயே நின்னுட்டு இருந்தா இப்படி முழிச்சுக்கும்.

எல்லாம் தெரியுது, நெட்ஃபிளிக்ஸ் மாதிரி படம் ஓடுறப்போ மட்டும் கருப்பாகுதுன்னா அது பழுதில்ல, எச்டிசிபின்னு காப்பி தடுக்கற பூட்டு. இதுக்குள்ள கையை விட வேணாம், அந்தப் படத்தை லேப்டாப்லயே நேரா போட்டுப் பாத்துட்டுப் போங்க.

இவ்வளவு பாத்தும் கருப்புதான்னா சந்தேகத்தை சிபியு மேல திருப்புங்க. சுலபமான டெஸ்ட்: சிபியுல மாட்டின கீபோர்டுல நம் லாக் அழுத்துங்க. அழுத்த அழுத்த லைட் எரிஞ்சு அணைஞ்சா சிபியுக்கு உயிர் இருக்கு, படம்தான் வெளிய வரல, அப்போ கேபிள், போர்ட், கார்டு மூணுல ஒண்ணு. லைட் அசையவே இல்லன்னா சிபியு பூட்டே ஆகல. பவர் வயரைப் பிடுங்கி, ஆன் பட்டனைப் பத்து செகண்ட் அமுக்கிப் பிடிச்சுட்டு, ரேமைக் கழட்டி தங்கப் பல்லுங்களைப் பென்சில் ரப்பரால மெதுவா தேச்சு, தூசி ஊதி, கிளிக்னு சத்தம் வர்ற வரைக்கும் அமுக்கி மாட்டுங்க. ரெண்டு ரேம் இருந்தா ஒண்ணு ஒண்ணா மாத்திப் பாருங்க. கொஞ்சம் புது மதர்போர்டுல சிபியு (இங்க பிராசஸர்னு அர்த்தம்), டிரேம் (ரேம்), விஜிஏ (கிராஃபிக்ஸ்), பூட்னு நாலு குட்டி எல்இடி இருக்கும், எது அணையாம நிக்குதோ அந்த இடத்துலதான் பிரச்சனை. ரேம் மாத்தியும் டிரேம் லைட்டோ சிபியு லைட்டோ அணையலைன்னா அங்க நிறுத்திடுங்க, சர்வீஸ் ஆளு வேலை அது. பவர் சப்ளை டப்பாவை மட்டும் எந்தக் காரணத்துக்கும் திறக்காதீங்க, வயரைப் பிடுங்கினதுக்கு அப்புறமும் உள்ள கெபாசிட்டர்ல கரண்ட் நிக்கும்.

## படம் வருது, ஆனா விட்டு விட்டு ஓடுது, மவுஸ் பின்தங்கி வருது

கேப்சர் கார்டுல லேசா தாமதம் இருக்கத்தான் செய்யும், டைப்பிங், பிரவுசிங், விண்டோஸ் இன்ஸ்டாலுக்கு அது தெரியாது, ஷூட்டிங் கேமுக்குக் கண்டிப்பா தெரியும். ஆனா ஸ்லைடு ஷோ மாதிரி ஓடுதுன்னா அது சரி பண்ணக்கூடியதுதான்.

ஓபிஎஸ்ல அந்த டிவைஸ் பிராப்பர்டீஸைத் திறந்து ரெசல்யூஷனைக் கஸ்டம்னு மாத்தி, 1920 x 1080 குடுத்து, வீடியோ ஃபார்மட்ல எம்ஜேபெக் எடுங்க. விலை கம்மியான கார்டுங்க பாதிக்கு மேல யூஎஸ்பி 2.0தான், ஒய்யூஒய்2 ஃபார்மட்ல வச்சா முழு எச்டிக்கு செகண்டுக்கு 5 ஃபிரேம்தான் வரும், எம்ஜேபெக்னா 30 வரும். அட்டைப் பெட்டில '4கே 60'ன்னு போட்டிருக்கேன்னு கேப்பீங்க, அது கார்டு உள்ள வாங்கிக்கற கணக்கு, லேப்டாப்புக்குக் குடுக்கறது 1080தான். அதே பிராப்பர்டீஸ்ல பஃபரிங்கை டிசேபிள் பண்ணுங்க. விஎல்சின்னா ஓபன் கேப்சர் விண்டோல 'ஷோ மோர் ஆப்ஷன்ஸ்' டிக் பண்ணா கேச்சிங் 300 மில்லிசெகண்ட்னு இருக்கும், அதை 50க்கு இறக்குங்க, மவுஸ் உடனே கிட்ட வந்துடும்.

அரை மணி நேரம் நல்லா ஓடிட்டு அப்புறம் படம் உறைஞ்சு நிக்குதா? கார்டைத் தொட்டுப் பாருங்க, கை வைக்க முடியாம சுடும். பென் டிரைவ் சைஸ்ல வர்ற கார்டுங்களுக்கு இது சகஜம். லேப்டாப்போட ஒட்டி வைக்காம ஒரு சின்ன எக்ஸ்டென்ஷன் வயர் போட்டு வெளிய காத்தாட விடுங்க. யூஎஸ்பி ஹப்ல மாட்டியிருந்தா அதை விட்டுட்டு நேரா லேப்டாப்ல மாட்டுங்க. இதுக்கும் அடங்கலைன்னா யூஎஸ்பி 3.0 கார்டு வாங்கறதுதான் அடுத்த செலவு.

## பத்து நிமிஷத்துல ஸ்கிரீன் அணைஞ்சுடுது

லேப்டாப்தான் தூங்குது. நீங்க தட்டுற கீபோர்டும் மவுஸும் சிபியுல மாட்டியிருக்கு, லேப்டாப்புக்கு யாரும் தன்னைத் தொடவே இல்லன்னு நெனப்பு. லேப்டாப்ல செட்டிங்ஸ், சிஸ்டம், பவர் போய் ஸ்கிரீனும் ஸ்லீப்பும் ரெண்டையும் நெவர்ல போடுங்க, சார்ஜர்லயே வச்சிருங்க. சிபியு தூங்கினாலும் இதே மாதிரிதான் கருப்பாகும், அங்கயும் ஸ்லீப்பை எடுத்து விட்டுடுங்க.

## சத்தம் வரல

கேப்சர் கார்டு சத்தத்தை மைக்கா அனுப்பும். ஓபிஎஸ்ல ஆடியோ மிக்ஸர்ல அந்தச் சோர்ஸுக்கு அட்வான்ஸ்டு ஆடியோ பிராப்பர்டீஸ் போய் மானிட்டர் அண்ட் அவுட்புட்னு மாத்துங்க, அதுக்கு முன்னாடி சிபியுல ஸ்பீக்கர் ஐகான்ல எச்டிஎம்ஐயை எடுத்திருக்கணும். சிபியு பின்னாடி பச்சை ஓட்டைல ஒரு ஸ்பீக்கர் மாட்டிட்டா இந்த வேலையே இல்ல, நான் அதைத்தான் சொல்வேன்.

## விண்டோஸ் கீ + கே அழுத்தினா லேப்டாப் பேரே லிஸ்ட்ல வரல

இது மிராகாஸ்ட் வழி, கேபிளே வேணாம். பேர் வரலைன்னா இப்படிப் பாத்துட்டு வாங்க.

சிபியுல வைஃபை இருக்கா? 'இந்த டிவைஸ் மிராகாஸ்ட் சப்போர்ட் பண்ணாது'ங்கற மாதிரி மெசேஜ் வந்தா முக்கால்வாசி இதுதான், பழைய அசெம்பிள்டு சிபியுல வைஃபை இருக்காது. யூஎஸ்பி வைஃபை டாங்கிள் வாங்கலாம், ஆனா விலை கம்மியான சிலதுல மிராகாஸ்ட் வராது, வாங்கறதுக்கு முன்னாடி கேட்டு வாங்குங்க. உங்க மெஷின்ல வருமா வராதான்னு பாக்க ரன் பாக்ஸ்ல டி-எக்ஸ்-டி-ஐ-ஏ-ஜி அடிச்சு, வர்ற விண்டோல எல்லாத்தையும் ஃபைலா சேவ் பண்ணித் திறந்தா மேல மிராகாஸ்ட்னு ஒரு வரி இருக்கும். அவைலபிள்னா கவலை இல்ல. வைஃபை டிரைவர் சப்போர்ட் இல்லன்னு இருந்தா கம்பெனி சைட்ல இருந்து டிரைவர் போட்டுப் பாருங்க, அப்பவும் அதே வரின்னா டாங்கிளை மாத்தணும்.

லேப்டாப்ல வாங்கிக்கற வசதி இருக்கா? விண்டோஸ் 10ல '2004'ங்கற வெர்ஷன்ல (வருஷம் இல்ல, வெர்ஷன் நம்பர்) இருந்து இது தானா வராது, நாமதான் போடணும். செட்டிங்ஸ்ல ஆப்ஷனல் ஃபீச்சர்ஸ்னு தேடி, ஆட் எ ஃபீச்சர்ல 'வயர்லெஸ் டிஸ்ப்ளே'யை இன்ஸ்டால் பண்ணுங்க, நெட் வேணும். அது முடிஞ்சதும் சிஸ்டம்ல 'புரொஜெக்டிங் டு திஸ் பிசி' போனா, அது வரைக்கும் சாம்பல் கலர்ல கிடந்த ஆப்ஷனெல்லாம் உயிர் வந்திருக்கும். முதல் பெட்டில 'ஆல்வேஸ் ஆஃப்'னு இருக்கறதை 'அவைலபிள் எவ்ரிவேர்'னு மாத்துங்க.

அதே பக்கத்துல கடைசில ஒரு சுவிட்ச் இருக்கும், சார்ஜர் மாட்டியிருந்தா மட்டும்தான் இந்த லேப்டாப் மத்தவங்க கண்ணுல படும்னு. இது ஆன்ல இருந்து லேப்டாப் பேட்டரில ஓடுனா பேர் வராது. 'காலைல வந்துச்சு, சாயந்திரம் வரல'ங்கறவங்க நேரா இதைப் பாருங்க.

லேப்டாப் வைஃபை நெட்வொர்க் பப்ளிக்னு இருந்தா பிரைவேட்டுக்கு மாத்துங்க. ரெண்டுல எதுலயாவது விபிஎன் ஓடுனா நிறுத்துங்க, ஆபீஸ் லேப்டாப்புன்னா ஐடி டீம் இந்த வசதியையே பூட்டி வச்சிருக்க வாய்ப்பிருக்கு, அதோட மல்லுக்கட்டி பிரயோஜனம் இல்ல.

## பேர் வருது, கனெக்ட் ஆகற மாதிரி போய் புட்டுக்குது

லேப்டாப்ல வயர்லெஸ் டிஸ்ப்ளே ஆப்பை முன்னாடியே திறந்து வச்சுட்டு அப்புறம் சிபியுல இருந்து கனெக்ட் குடுங்க. பின் நம்பர் கேட்டா அது லேப்டாப் ஸ்கிரீன்லதான் வரும், நோட்டிஃபிகேஷன் கேட்டா ஓகே குடுங்க, அதைக் கவனிக்காம விட்டா டைம் அவுட் ஆகி 'குடன்ட் கனெக்ட்'னு சொல்லிடும். ஃபயர்வால்ல 'அலோ ஆன் ஆப்' லிஸ்ட்ல வயர்லெஸ் டிஸ்ப்ளேவுக்கு டிக் இருக்கான்னு பாருங்க. வேற கம்பெனி ஆன்டிவைரஸ் போட்டிருந்தா அதோட ஃபயர்வாலைக் கொஞ்ச நேரம் ஆஃப் பண்ணி டெஸ்ட் பண்ணிட்டு மறக்காம திரும்ப ஆன் பண்ணுங்க.

கனெக்ட் ஆகி நடுநடுவுல அறுந்துச்சுன்னா ரெண்டையும் 5 ஜிகாஹெர்ட்ஸ் வைஃபைல போடுங்க. வைஃபை டாங்கிளை யூஎஸ்பி 3.0 ஹார்டு டிஸ்க்குக்கு ஒட்டி மாட்டியிருந்தா வேற போர்ட்டுக்கு மாத்துங்க, யூஎஸ்பி 3.0 போடுற இரைச்சல் 2.4 ஜிகாஹெர்ட்ஸ் சிக்னல்ல நேரா விழும்.

ஒண்ணு ஞாபகம் வச்சுக்கங்க, இது சிபியுல லாகின் பண்ணதுக்கு அப்புறம்தான் வேலை செய்யும், ஒவ்வொரு தடவை ஆன் பண்றப்பவும் கனெக்ட் குடுக்கணும். மானிட்டரே இல்லாத சிபியுக்கு இது மட்டும் போதாது, ரெண்டாவது ஸ்கிரீனா வச்சுக்கத்தான் அருமையா இருக்கும். பழைய சிபியுல சீமாஸ் பேட்டரி (தேதியையும் பயாஸ் செட்டிங்ஸையும் ஞாபகம் வச்சிருக்க மதர்போர்டுல இருக்கறது) போயிருந்தா எஃப்1 அழுத்துன்னு பூட் ஸ்கிரீன்லயே நிக்கும், அது உங்களுக்குத் தெரியவே தெரியாது, வைஃபைல ஏதோ கோளாறுன்னு நெனச்சுட்டு லேப்டாப்பை நோண்டிட்டு இருப்பீங்க. சிஆர்2032ன்னு காசு மாதிரி வட்டமா ஒரு பேட்டரி, வாட்ச் கடைலயே கிடைக்கும், பழைய சிபியுன்னா அதை முதல்லயே மாத்திடுங்க. மாத்துனதும் பயாஸ்ல தேதியை ஒரு தடவை சரி பண்ணி சேவ் பண்ணணும், இல்லன்னா மறுபடி எஃப்1ல வந்து நிக்கலாம், அதை டிவில மாட்டிப் பண்ணிடுங்க.

## ஸ்பேஸ்டெஸ்க்ல லேப்டாப்புக்கு சிபியு தெரியல

சிபியுல டிரைவரு, லேப்டாப்ல வியூவரு. இதை மாத்திப் போட்டவங்களை நிறைய பாத்தாச்சு, முதல்ல அதைச் சரி பாருங்க. சொந்த உபயோகத்துக்கு இலவசம், சிபியு விண்டோஸா இருக்கணும்.

ரெண்டும் ஒரே ரவுட்டர்ல இருக்கணும். இங்க ஒரு சிக்கல், ரொம்ப பேர் சிபியுல வைஃபை இல்லன்னு மொபைலை யூஎஸ்பில மாட்டி டெதரிங் பண்ணுவாங்க, மொபைலும் அதே வைஃபைலதானே இருக்குன்னு நெனப்பு. நெட் வரும், ஸ்பேஸ்டெஸ்க் வராது. மொபைல் நடுவுல நின்னு சிபியுக்குத் தனியா ஒரு ஐபி குடுத்துடும், லேப்டாப்பால அந்தப் பக்கம் எட்டிப் பாக்க முடியாது. கெஸ்ட் வைஃபை, ஹாஸ்டல் வைஃபைலயும் இதே கதை, ஒருத்தரை ஒருத்தர் பாக்க விடாம ரவுட்டரே தடுத்து வச்சிருக்கும்.

இதுக்கு நல்ல மருந்து லேன் கேபிள். ரவுட்டர் கூட வேணாம், சிபியுக்கும் லேப்டாப்புக்கும் நேரா ஒரு கேபிள், இப்ப வர்ற போர்ட்ல கிராஸ் கேபிள் எல்லாம் தேவையில்ல. ஒரு நிமிஷம் விட்டா ரெண்டும் 169.254ல ஆரம்பிக்கற ஐபியைத் தானா எடுத்துக்கும், வியூவர்ல சிபியுவோட ஐபியைக் கையால அடிச்சு கனெக்ட் குடுங்க. வைஃபைல இழுத்துக்கிட்டு இருந்த மவுஸ் கேபிள்ல சட்டுனு ஓடும். இந்த மாதிரி நேரா மாட்டுன நெட்வொர்க்கை விண்டோஸ் பப்ளிக்னு எடுத்துக்கும், அதனால கனெக்ட் ஆகலன்னா சிபியு ஃபயர்வால்ல ஸ்பேஸ்டெஸ்க்குக்குப் பப்ளிக் டிக்கும் போடுங்க, டிசிபி போர்ட் 28252 திறந்திருக்கணும்.

## ரிமோட் டெஸ்க்டாப் உள்ள விட மாட்டேங்குது

சிபியுல விண்டோஸ் ஹோம்னா இதை விட்டுடுங்க, ஹோம்ல இருந்து மத்த மெஷினுக்குப் போகலாம், ஹோமுக்குள்ள யாரும் வர முடியாது. புரோன்னா செட்டிங்ஸ்ல ரிமோட் டெஸ்க்டாப்பை ஆன் பண்ணணும்.

பாஸ்வேர்டு தப்புன்னு சொல்லுதா? நாலு இலக்க பின் இங்க செல்லாது, முழு பாஸ்வேர்டுதான் வேணும். பாஸ்வேர்டே வைக்காத அக்கவுண்ட்டையும் உள்ள விடாது. மைக்ரோசாஃப்ட் அக்கவுண்ட்னா யூசர் நேம்ல மெயில் ஐடி போடுங்க, சரியான பாஸ்வேர்டு போட்டும் அடம்பிடிச்சா சைன்-இன் ஆப்ஷன்ஸ்ல 'விண்டோஸ் ஹலோ மட்டும்'ங்கற சுவிட்சை ஆஃப் பண்ணி, சிபியுல ஒரு தடவை பாஸ்வேர்டு அடிச்சு லாகின் ஆயிட்டு வந்து பாருங்க. நேத்து வந்தது இன்னைக்கு வரலைன்னா ரவுட்டர் ஐபியை மாத்தியிருக்கும், ஐபிக்குப் பதிலா சிபியு பேரை அடிங்க.

எனிடெஸ்க், சன்ஷைன்-மூன்லைட் மாதிரி வேற ஆப்ல உள்ள போனா ஸ்கிரீன் குட்டியா வருது, இல்ல கருப்பா இருக்குன்னா, சிபியுல எந்த மானிட்டரும் மாட்டாததால கிராஃபிக்ஸ் கார்டு சும்மா இருக்கு. எச்டிஎம்ஐ டம்மி பிளக்னு கட்டை விரல் சைஸ்ல ஒண்ணு விக்கும், அதைச் சொருகினா மானிட்டர் இருக்கறதா நம்பிக்கும். கேம் ஆடணும்னா இந்த டம்மி பிளக், லேன் கேபிள், சன்ஷைன்-மூன்லைட் மூணும் சேந்ததுதான் கேப்சர் கார்டை விட நல்லா ஓடும்.

## படம் நல்லா வருது, லேப்டாப் டச்பேட் மட்டும் வேலை செய்யல

கேப்சர் கார்டு படத்தை மட்டும்தான் கொண்டு வரும், லேப்டாப் கீபோர்டு சிபியுக்குப் போகாது. சிபியுக்குத் தனி கீபோர்டு மவுஸ் வேணும். மிராகாஸ்ட்னா கனெக்ட் ஆன உடனே லிஸ்ட்ல அந்த டிஸ்ப்ளேல இருந்து கீபோர்டு மவுஸை அனுமதிக்கணுமான்னு ஒரு டிக் பாக்ஸ் வரும், அதைப் போடுங்க. கேப்சர் கார்டோடயே ஒரே மவுஸ்ல ரெண்டையும் ஓட்டணும்னா பவர்டாய்ஸ்ல இருக்கற மவுஸ் வித்அவுட் பார்டர்ஸ் போடலாம், ஆனா பயாஸ்ல அதுவும் வராது.

## லேப்டாப்பே செத்துடுச்சு, ஸ்கிரீன் மட்டும் நல்லா இருக்கு, அதைக் கழட்டி மாட்டலாமா

மாட்டலாம், ஆனா இது வீட்ல உக்காந்து பண்ற வேலையில்ல. பேனலுக்குப் பின்னாடி ஸ்டிக்கர்ல இருக்கற மாடல் நம்பரை வச்சு, அதுக்கேத்த எல்சிடி கண்ட்ரோலர் போர்டு வாங்கணும். எல்விடிஎஸ் பேனலுக்கு ஒரு போர்டு, இடிபி பேனலுக்கு வேற போர்டு, ஒண்ணு இன்னொண்ணுக்குச் சேராது. போர்டுல பேனல் வோல்டேஜுக்கு 3.3, 5, 12னு மாத்தி வைக்கற ஜம்பர் இருக்கும், 3.3ல ஓடற பேனலுக்கு 12 குடுத்தா அந்த நிமிஷமே பேனல் காலி. ரொம்பப் பழைய லேப்டாப்புல எல்இடிக்குப் பதிலா டியூப் மாதிரி பேக்லைட், அதுக்கு வர்ற இன்வெர்ட்டர்ல நூத்துக்கணக்கான வோல்ட் ஓடும்.

சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் மாதிரி இடத்துல இதையே தொழிலா பண்றவங்க இருக்காங்க, பேனலோட ஸ்டிக்கரை ஃபோட்டோ எடுத்துக் காட்டினா போர்டு இருக்கா இல்லையான்னு சொல்லிடுவாங்க. போர்டு, 12 வோல்ட் அடாப்டர், பேனலுக்கு ஒரு ஃபிரேம், கூலி எல்லாத்தையும் கூட்டிட்டு, அதே தெருவுல செகண்ட் ஹாண்ட் 19 இன்ச் மானிட்டர் என்ன விலைன்னும் ஒரு வார்த்தை கேளுங்க. பல சமயம் மானிட்டரைத் தூக்கிட்டு வீட்டுக்கு வந்துடுவீங்க.